இம்மெல்மனைச் சுட்டது யார்? பாதி இறக்கைக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசவும்

#1 புகைபோக்கி

பக்கத்துத் திரியில் நம்ம வானம்பாடி74 போகிறபோக்கில் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்:

> மாக்ஸ் இம்மெல்மனைச் சுட்டு வீழ்த்தியது மெக்கபினும் வாலரும். பிரிட்டன்காரன் பதக்கமே கொடுத்தாச்சு. இதில் பேச ஒன்றும் இல்லை.

பேச இருக்கிறது. அதனால் தனித் திரி.

முன்கதை தெரியாதவர்களுக்கு: இம்மெல்மன் டிரெஸ்டன்காரர். முதல் உலகப் போரில் டுவே தளத்தில் 62ஆம் பிரிவில் ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானம் ஓட்டியவர். 1915 ஆகஸ்ட் 1 அன்று முதல் வெற்றி. 1916 ஜனவரி 12 அன்று அவருக்கும் சக ஜெர்மன் விமானி போயல்கெவுக்கும் ஒரே நாளில் பூர் லெ மெரித் என்ற பெரிய ராணுவ விருது, அப்போது இருவர் கணக்கிலும் தலா 8 வெற்றி. அதே வருடம் ஜூன் 18 மாலை, லான்ஸ் பக்கம் சாலோமீன் ஊருக்கு மேலே பிரிட்டனின் 25ஆம் ஸ்குவாட்ரன் எஃப்.ஈ.2பி (இரண்டு பேர் போகும்) விமானங்களோடு மோதினார். அதில் ஒன்றில் இருந்தவர்கள்தான் மெக்கபினும் வாலரும். அவருடைய ஃபோக்கர் ஈ.3 வானத்திலேயே பிய்ந்து விழுந்தது. வயது 25.

விழுந்த இடத்தில் புரொப்பெல்லரின் ஒரு இறக்கை பாதிதான் மிஞ்சியிருந்தது. அந்தப் பாதி இறக்கைக்கு வானம்பாடி ஒரு பதில் சொல்லட்டும். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

#2 வானம்பாடி74

திரி திறக்கிற அளவுக்கு நான் முக்கியமான ஆள் ஆகிட்டேனா, சந்தோஷம்.

பதில் சுலபம். வாலர் சுட்டார், புரொப்பெல்லரில் பட்டது, இறக்கை போச்சு. இம்மெல்மன் அந்த நேரம் சாவேஜ் ஓட்டிய எஃப்.ஈ.யைத் துரத்திக்கொண்டு இருந்தார். மெக்கபின் மேலிருந்து பாய்ந்தார், முன்னால் உட்கார்ந்திருந்த வாலர் லூயிஸ் துப்பாக்கியை இழுத்தார், ஃபோக்கர் விழுந்தது. அதே நிமிஷம், அதே இடம். தென்னாப்பிரிக்காக்காரர் மெக்கபினுக்கு டி.எஸ்.ஓ. விருது, வாலருக்குப் பதக்கமும் சார்ஜென்ட் பட்டையும். சும்மா கொடுத்தானா?

ஜெர்மன்காரனுக்குத் தன் சூரன் தோற்றான் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. மிஷின் மேல் பழியைப் போட்டான். நூறு வருஷம் கழித்து நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்.

#3 கணக்குப்பிள்ளை

இருவருக்கும் ஒரு சின்னக் கேள்வி. "வீழ்த்தியது" என்றால் என்ன அர்த்தத்தில் பேசுகிறோம்? குண்டு பட்டு விழுந்தால் மட்டுமா? சண்டையில் எதிரி நெருக்கும்போது தன் கருவி பழுதாகி விழுந்தாலும் சேருமா? இதை முதலில் முடிவு செய்தால் பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

#4 புகைபோக்கி

> அதே நிமிஷம், அதே இடம்.

காகம் உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. காகத்துக்கு டி.எஸ்.ஓ.

வானம்பாடி, மே 31 என்ன நடந்தது என்று தெரியுமா, தெரிந்தும் மறைக்கிறீரா? இவர் சாவதற்கு மூன்று வாரம்கூட இல்லாத முன்னால், இரட்டைத் துப்பாக்கி ஃபோக்கர் ஈ.4இல் ஏறிப் போய் சுட ஆரம்பித்ததும் ஒத்திசைவு கியர் (சுற்றும் புரொப்பெல்லரில் படாமல் துப்பாக்கியைச் சுட வைக்கிற கருவி) சொதப்பி, தன் புரொப்பெல்லரின் நுனியைத் தானே சீவிக்கொண்டார். ஆட்டம் தாங்காமல் என்ஜினே பிடிப்பிலிருந்து பிய்ந்து வரப் பார்த்தது. அவசரமாக இக்னிஷனை அணைத்து, என்ஜின் இல்லாமல் மிதந்து வந்து இறங்கினார். அன்றைக்கு எந்த மெக்கபின் சுட்டார்?

தான் சுடும் குண்டு தன் புரொப்பெல்லருக்கு நடுவே போக வேண்டிய விமானம் அது. ஒரு தடவை தவறியது மறு தடவை தவறாதா?

#5 நட்டு போல்ட்டு

புகைபோக்கி அண்ணே, முடிவு என்னவாக இருந்தாலும் ஈ.4ஐயும் ஈ.3ஐயும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள்.

ஈ.4: 160 குதிரைத்திறன், இரண்டு அடுக்காக 14 சிலிண்டர் ஓபெருர்செல் யூ.3. இரண்டு துப்பாக்கி. இம்மெல்மன் மூன்று வைத்தே ஓட்டிப் பார்த்தார், சரிப்படவில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதன் விசையைத் தட்டத் தனித் தள்ளுகோல். அத்தனையையும் ஒழுங்காக ஓட வைப்பது தலைவலி.

ஈ.3: 100 குதிரைத்திறன், 9 சிலிண்டர், ஒரே எல்.எம்.ஜி. 08 துப்பாக்கி, ஒரே தள்ளுகோல். அந்த அமைப்பு 1915 கோடையிலிருந்து ஓடித் தேறியது. மே 31இல் கெட்டது ஒரு வண்டி, ஜூன் 18இல் விழுந்தது வேறு வண்டி. லாரியில் பிரேக் பிடிக்கவில்லை என்பதற்காக ஸ்கூட்டரையும் சந்தேகப்படுவீர்களா?

#6 புகைபோக்கி

தம்பி நட்டு, லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரே மெக்கானிக், ஒரே பிரேக் என்றால் சந்தேகப்படுவேன்.

பாதி இறக்கை. அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

#7 சங்குசக்கரம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஃபோக்கருக்கு ஒரு இறக்கை பாதிதான் இருந்தது என்றால், அது எப்படிப் பறந்திருக்கும்? முழுசாக இடப்பக்க இறக்கையா, வலப்பக்கமா?

#8 தேன்மொழி

சங்குசக்கரம், அவர் சொல்வது விமானத்தின் இறக்கை இல்லை, புரொப்பெல்லரின் இறக்கை. இதனால்தான் அதை "அலகு" என்று எழுதுங்கள் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். விமானத்துக்கும் இறக்கை, விசிறிக்கும் இறக்கை என்றால் படிப்பவர் என்ன செய்வார்?

#9 புகைபோக்கி

அம்மா தேன்மொழி, மின்விசிறிக்கு வீட்டில் என்ன சொல்கிறீர்கள்? "விசிறி அலகு தூசியாக இருக்கிறது, துடை" என்றா? இறக்கைதான். சரி, உங்கள் திருப்திக்கு இனிமேல் அலகு.

பாதி அலகு. பதில்?

#10 வானம்பாடி74

சொல்லியாச்சே. வாலர் குண்டு. லூயிஸ் துப்பாக்கியின் குண்டுத் தட்டில் 47 ரவுண்டு, நிமிஷத்துக்கு 500, 600 வேகம். அஞ்சு செகண்டில் தட்டு காலி. அதில் ஒன்று மரத்தில் படக்கூடாது என்று உங்கள் சட்டமா?

#11 கோலிகுண்டு

97 ரவுண்டு தட்டு 1916லேயே வந்துவிட்டது. சும்மா 47, 47 என்று எழுத வேண்டாம்.

#12 வானம்பாடி74

97 என்றால் என் கட்சிக்கு இன்னும் 50 குண்டு கூடுதல். ரொம்ப நன்றி கோலிகுண்டு.

#13 புகைபோக்கி

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். வானம்பாடி பென்சில் எடுத்துக்கொள்ளட்டும்.

என்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 1,200 சுற்று. செகண்டுக்கு 20. இரண்டு அலகு, ஆகத் துப்பாக்கிக் குழாய்க்கு முன்னால் செகண்டுக்கு 40 தடவை மரம் கடக்கிறது. துப்பாக்கி நிமிஷத்துக்கு 450 சுடுகிறது என்று வையுங்கள், செகண்டுக்கு ஏழு எட்டு. ஒத்திசைவு சரியாக இருந்தால் அத்தனையும் இடைவெளியில் போகும். தள்ளுகோலில் தேய்மானம் வந்தோ, கேம் (கோலைத் தள்ளுகிற மேடு வைத்த சக்கரம்) சற்று நகர்ந்தோ நேரம் தவறினால், குண்டுகள் மரத்தில் ஒரே உயரத்தில் விழும். ஏனென்றால் துப்பாக்கி நிலையாகப் பூட்டியது. அச்சிலிருந்து குழாய் எத்தனை உயரமோ, ஓட்டையும் அத்தனை தூரத்தில்தான். ஒன்றின் மேல் ஒன்றாகப் பட்டால் அது குண்டு இல்லை, ரம்பம்.

இப்போது உங்கள் வாலர். ஆடிக்கொண்டே பாய்கிற விமானத்தின் மூக்கில், முழங்கால் உயரத் தொட்டியில் நின்றுகொண்டு, ஓடிக்கொண்டிருக்கிற இலக்கின் சுற்றிக்கொண்டிருக்கிற மரத்தில், அதுவும் துப்பாக்கிக்கு நேரே இருக்கிற அந்த இடத்தில் அடித்தார். சிவகாசியில் சரவெடி கொளுத்தினால் அது தானாகப் பக்கத்து ஊர் விளக்கை அணைத்ததாம்.

#14 நட்டு போல்ட்டு

கணக்கு சரி. ஆனால் கியர் கெடுவது அத்தனை சுலபம் என்று எழுதுவதுதான் இடிக்கிறது.

ஃபோக்கர் கியர் எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்ப்போம். ரோட்டரி என்ஜினில் நடு அச்சு அசையாது, சிலிண்டர்கள் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். என்ஜினுக்குப் பின்னால் எண்ணெய் பம்பை ஓட்டுகிற இடத்திலிருந்து கேமுக்கு ஓட்டம். கேமின் மேடு தள்ளுகோலைத் தள்ளும், கோல் துப்பாக்கியின் விசையைத் தட்டும். பைலட் பித்தானை அழுத்தினால்தான் கோலுக்கும் துப்பாக்கிக்கும் சேர்க்கை விழும். ஆக, கியர் துப்பாக்கியைத் தடுத்து நிறுத்துவது இல்லை. "இப்போது சுடு" என்று சொல்கிறது. எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் எழுதுகிறார்கள்.

இப்போது இடைவெளி. 1,200 சுற்றில் ஒரு மில்லிசெகண்டுக்கு அலகு 7.2 டிகிரி நகரும். துப்பாக்கி உயரத்தில் அலகு 20 டிகிரி அகலம் மறைக்கிறது என்று தாராளமாக வைத்தாலும், அடுத்த அலகு வரும் வரை 160 டிகிரி வெட்டவெளி. மில்லிசெகண்டில் 22. குழாய் முனையிலிருந்து மரம் வரை குண்டு போக ஒன்று சொச்சம். தோட்டா ஈரம் ஏறித் தாமதமாக வெடித்தாலும், 3 அல்லது 4 மில்லிசெகண்டுக்கு இடைவெளி தாங்கும். "தோட்டா மோசம், அதனால் மரத்தில் பட்டது" என்று சிலர் எழுதுவது அரைகுறை. அலகு கடந்த கையோடு சுடுகிற மாதிரி அமைத்தால் தாமதத்துக்கு ஏகப்பட்ட இடம் இருக்கிறது.

#15 புகைபோக்கி

> அலகு கடந்த கையோடு சுடுகிற மாதிரி அமைத்தால்

அங்கேதான் பிடி. தாமதம் மில்லிசெகண்டில் இருக்கிறது, அலகு டிகிரியில் இருக்கிறது. கேம் தட்டியதிலிருந்து குண்டு மரத்தருகே வரும் வரை 10 மில்லிசெகண்டு என்று உதாரணத்துக்கு வையும். 1,200 சுற்றில் அதற்குள் அலகு 72 டிகிரி போயிருக்கும். சுற்று 600க்கு இறங்கினால் 36 டிகிரிதான். குண்டு 36 டிகிரி முந்தி வருகிறது. அலகு இன்னும் வழியை விட்டு விலகவில்லை. டப்.

ரோட்டரி என்ஜின்காரன் வேகத்தைக் குறைக்க என்ன செய்வான்? இக்னிஷனை அணைத்து அணைத்துப் போடுவான். சாவேஜின் விமானத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு, முந்திப் போய்விடாமல் இருக்க சுற்றைக் குறைத்துச் சுட்டால் என்ன ஆகும் என்று நீரே சொல்லும் தம்பி.

#16 நட்டு போல்ட்டு

"சுட்டால்" என்று நீங்களே சொல்கிறீர்கள். அவர் அப்படிச் செய்தார் என்பதற்கு எதுவும் காட்டவில்லை.

#17 புகைபோக்கி

பாதி அலகு காட்டியாச்சு.

#18 கணக்குப்பிள்ளை

மறுபடியும் கேட்கிறேன். "வீழ்த்தியது" என்றால் என்ன? 1915 ஜூன் 3 அன்று இதே இம்மெல்மன், இரண்டு இருக்கை விமானத்தில் போனபோது, ஒரு பிரெஞ்சுக்காரர் சுட்டதில் அடி வாங்கித் தன் பக்கத்தில் பத்திரமாக இறங்கினார். விமானத்தைக் காப்பாற்றினதற்கு அவருக்கு இரும்புச் சிலுவை. அதை நாம் "சுட்டு வீழ்த்தப்பட்டார்" என்று எழுதுகிறோமா? இல்லை என்றால் ஏன் இல்லை?

#19 வானம்பாடி74

கணக்குப்பிள்ளை, நல்ல கேள்வி, அப்புறம் பார்ப்போம். முதலில் இந்த ரம்பக் கதையை முடிக்கிறேன்.

ஒரே இடத்தில் ஏழெட்டுக் குண்டு வேண்டும் என்று யார் சொன்னது? சுற்றுகிற மரத்தில் எத்தனை இழுவிசை இருக்கிறது தெரியுமா? ஒட்டுப்பலகை அடுக்கில் ஒரே ஒரு குண்டு குறுக்கே போனாலும் இழை பிளந்து, மிச்சத்தை அந்த இழுவிசையே பிய்த்துவிடும். அப்புறம் அந்தக் குண்டு 7.7 மில்லிமீட்டரா, 7.92ஆ என்று யார் அளந்தது?

#20 கோலிகுண்டு

7.7, 7.92 இரண்டும் குழாயின் விட்டம். குண்டின் விட்டம் இல்லை. பிரிட்டன் பாயிண்ட் 303 குண்டு கிட்டத்தட்ட 7.9 மி.மீ., ஜெர்மன் எஸ் குண்டு 8.2. வித்தியாசம் 0.3. பிளந்த மரத்தில் அதை அளக்க முடியாது. இருவரும் இந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசலாம்.

#21 புகைபோக்கி

கோலிகுண்டு முதல் தடவையாக எனக்கு ஆதரவாகப் பேசியிருக்கிறார். தேதியைக் குறித்து வையுங்கள்.

#22 கோலிகுண்டு

உமக்கு ஆதரவாக எங்கே பேசினேன்? அளக்க முடியாது என்றால் உம் ரம்பத்தையும்தான் அளக்க முடியாது. போன மாதம் "ஸ்பாண்டௌ என்பது துப்பாக்கியின் பெயர்" என்று அடித்துப் பேசியவர்தானே நீர். ஸ்பாண்டௌ ஊர் ஐயா, ஊர். ஆயுதச்சாலை இருந்த ஊர். துப்பாக்கியில் ஊர்ப் பெயரைப் பொறித்திருந்தான், எதிரி அதையே பெயராக்கிவிட்டான். அதை ஒத்துக்கொள்ளவே இல்லை நீர்.

#23 புகைபோக்கி

திண்டுக்கல் என்றால் பூட்டு என்று ஊரே புரிந்துகொள்கிறது. அதுபோலத்தான் சொன்னேன். பழைய பாக்கியை இங்கே வசூலிக்காதீர்.

வானம்பாடிக்கு வருவோம். போயல்கெ என்ன எழுதினார்? கூடவே பறந்தவர், நண்பர், ஜெர்மனியின் முதல் வரிசை ஆள். அவர் எழுதியதன் சாரம்: இது மடத்தனமான ஒரு விபத்து, பத்திரிகைகளில் வருகிற வான்சண்டைக் கதை வெறும் பிதற்றல், புரொப்பெல்லரில் ஒரு துண்டு பறந்தது, அந்த உதறலில் கம்பிகள் அறுந்து உடல் பிய்ந்தது. இம்மெல்மனின் தம்பியும் கியரைத்தான் குற்றம் சொன்னார். இவர்களைவிட உமக்கு அதிகம் தெரியுமோ?

#24 வானம்பாடி74

நண்பரும் தம்பியும் வேறு என்ன சொல்வார்கள்? "எங்கள் ஆளை ஒரு கார்ப்பொரல் சுட்டுவிட்டான்" என்றா? அதுவும் ஜெர்மன் தரப்பிலேயே எல்லாரும் கியர் என்று சொல்லவில்லையே. தரையிலிருந்த அவர்கள் பீரங்கியே தவறி அடித்துவிட்டது என்றும்தானே அன்றைக்குப் பேசினார்கள். உங்கள் சாட்சிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

#25 புகைபோக்கி

பீரங்கிக் கதையால் யாருக்கு லாபம்? கியர் செய்து விற்றவர் ஃபோக்கர். கியர் கெட்டது என்றால் வியாபாரம் போச்சு. விமானம் தானாகப் பிய்ந்தது என்றாலும் போச்சு. ஆகப் பீரங்கி அடித்தது என்றால் அவருக்கு நிம்மதி. தம்பிக்குப் பாசம் என்று சந்தேகப்படுகிற வானம்பாடி, ஃபோக்கரின் கல்லாப்பெட்டியையும் கொஞ்சம் சந்தேகப்படட்டும்.

#26 வானம்பாடி74

சரியான எம்டன் ஆளுயா நீங்க. எங்கே அடித்தாலும் வேறு கடலில் தலை தூக்குகிறீர்கள்.

#27 சங்குசக்கரம்

அந்த எம்டன் கப்பலும் இதே போர்தானே? 1914 செப்டம்பர் 22 மெட்ராஸ் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டியைக் கொளுத்தியது?

#28 தேன்மொழி

ஆமாம். ஆனால் தயவுசெய்து அதற்குள் போகாதீர்கள், இந்தத் திரி ஏற்கெனவே நாலு பக்கமும் ஓடுகிறது. ஒரு சின்ன விஷயம் மட்டும்: அந்தக் காலத்தில் ஜெர்மனியில் புரொப்பெல்லர் செய்த ஒரு நிறுவனத்துக்கே கருடா என்றுதான் பெயர். அவனுக்குத் தெரிந்த சொல் நமக்கு எழுத வரவில்லை, புரொப்பெல்லர் புரொப்பெல்லர் என்று எழுதுகிறோம்.

#29 புகைபோக்கி

"கருடனின் பாதி அலகு" என்று எழுதினால் மூக்கு உடைந்தது என்று நினைப்பார்கள் அம்மா. பறவைக்கு அலகு என்றால் வேறு. நீங்கள் சொன்ன சொல்லிலும் அதே குழப்பம்தான். நான் இறக்கைக்கே திரும்புகிறேன்.

#30 தேன்மொழி

அது உங்கள் பிடிவாதம். "சுழல் அலகு" என்று எழுதியிருக்கலாம்.

#31 நட்டு போல்ட்டு

பாதி மரம் போனால் விமானம் ஏன் முழுசாகப் பிய்ந்தது என்று யாரும் எழுதவில்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

1 கிலோ மரம், அச்சிலிருந்து 80 செ.மீ. தூரத்தில் இருந்தது, போய்விட்டது என்று வையுங்கள். 1,200 சுற்றில் எதிர்ப்பக்க மரத்தின் இழுவைக்கு ஈடு கொடுக்க ஆள் இல்லை. கணக்குப் போட்டால் 12,600 நியூட்டன் சொச்சம், கிட்டத்தட்ட 1,300 கிலோ எடை. அது செகண்டுக்கு 20 தடவை மேலே, வலமாக, கீழே, இடமாக இழுக்கிறது. இக்னிஷனை அணைத்தாலும் உடனே நிற்காது. பாய்கிற வேகத்தில் காற்றே புரொப்பெல்லரைச் சுழற்றும். மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்றால்தான் சுற்று குறையும்.

ஃபோக்கரின் உடல் பற்றவைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், கட்டத்துக்குக் கட்டம் குறுக்குக் கம்பி முறுக்கி நிமிர்த்தியது. மேலே துணி. இறக்கையைத் தாங்குவதும் கம்பிதான், மேலே ஒரு கூம்பு, கீழே சக்கரச் சட்டம், இரண்டிலிருந்தும் கம்பிகள். திரும்புவதற்கு ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கிடையாது, பின்பக்கக் கம்பிகளை இழுத்து இறக்கையையே முறுக்க வேண்டும். அந்த உதறலில் ஒரு திருகுமுடுக்கி கழன்றாலும் அடுத்த கம்பிக்கு இரட்டைப் பாரம். கம்பி போனால் குழாய் வளையும், வால் ஒடியும், இறக்கை மடியும். விழுந்த விதமும் அதுதான், வால் தனியே போய், உடல் 2,000 மீட்டரிலிருந்து கல் மாதிரி வந்தது. கைக்குட்டையில் தைத்திருந்த முதலெழுத்துகளை வைத்துத்தான் ஆளையே அடையாளம் கண்டார்கள்.

இதெல்லாம் மரம் ஏன் போயிற்று என்று சொல்லாது. வாலர் குண்டால் போனாலும் இதேதான் நடக்கும், சொந்தக் குண்டால் போனாலும் இதேதான்.

#32 புகைபோக்கி

அருமையான பதிவு. கடைசி இரண்டு வரியைத் தவிர.

#33 வானம்பாடி74

அருமையான பதிவு. குறிப்பாகக் கடைசி இரண்டு வரி.

#34 ஏரோபிளான் ரசிகன்

அப்போ இம்மெல்மன் டர்ன் போடும்போது உடைந்திருக்குமா? பாதி லூப் போட்டு மேலே தலைகீழாகப் போய் அரை உருட்டு உருட்டி நேராக வருவதுதானே. அதைக் கண்டுபிடித்தவரே அவர்தானே.

#35 புகைபோக்கி

இது வேறு வந்துவிட்டதா.

இன்றைக்கு அந்தப் பெயரில் ஓட்டுவதை அவர் ஓட்டியிருக்க மாட்டார். 100 குதிரைத்திறன், முறுக்கு இறக்கை. லூப் உச்சியில் வேகம் செத்துப்போயிருக்கும், அந்த நேரத்தில் இறக்கையை முறுக்கி அரை உருட்டு உருட்ட ஃபோக்கருக்குத் தெம்பு கிடையாது. அவர் செய்தது பெரும்பாலும் இதுதான்: மேலிருந்து பாய்ந்து சுடுவது, அதே வேகத்தில் செங்குத்தாக ஏறுவது, வேகம் தீரும் இடத்தில் சுக்கானை உதைத்து மூக்கைக் கவிழ்ப்பது, மறுபடி பாய்வது. எதிரி முதல் தாக்குதலில் தப்பி மூச்சு விடுவதற்குள் இரண்டாவது தாக்குதல் வந்துவிடும். அந்த ஃபோக்கரில் வாலில் நிலையான பலகை எதுவும் இல்லை, சுக்கான், உயர்த்தி இரண்டுமே முழுசாகத் திரும்பும். தொட்டால் துள்ளும். சுக்கான் உதைக்க அது தோதான வண்டி, உருட்ட அல்ல.

#36 ஏரோபிளான் ரசிகன்

முறுக்கு இறக்கையில் லூப் முடியாது என்கிறீர்களே, 1913இலேயே நெஸ்டெரோவ் லூப் போட்டாரே? பெகூ தலைகீழாகவே பறந்தாரே? இரண்டும் முறுக்கு இறக்கைதான்.

#37 புகைபோக்கி

லூப் முடியாது என்று நான் எங்கே சொன்னேன்? உச்சியில் உருட்ட முடியாது என்றேன். படித்துவிட்டு எழுதவும்.

#38 ஏரோபிளான் ரசிகன்

"இதெல்லாம் எனக்குத்தான் தெரியும்" என்கிற தொனி மட்டும் குறையவே இல்லை. கேள்வி கேட்டது குத்தமா?

#39 வானம்பாடி74

ரசிகன் தம்பி, வருத்தப்படாதே. ரிஷ்டோஃபன் திரியிலும் இவர் இப்படித்தான். அந்த ஜெர்மன் விமானியைச் சுட்டது எதிரி விமானி ராய் பிரவுனா, தரையிலிருந்த ஆஸ்திரேலியரா என்று நாற்பது பக்கம் ஓட்டி, கடைசியில் யார் சொன்னதையும் ஏற்காமல் திரியைப் பூட்டும் வரை நின்றார்.

#40 புகைபோக்கி

அங்கேயும் ஆஸ்திரேலியக் குண்டு என்று நான் சொன்னதுதான் சரி. குண்டு கீழே வலப்பக்கமிருந்து மேலே போயிருக்கிறது. இதில் என்ன குறை?

பார்த்தீர்களா, பதக்கத்தையும் பாராட்டையும் பிரவுனுக்குக் கொடுத்தான் பிரிட்டன். பிரிட்டன் கொடுத்த பதக்கம் சாட்சி ஆகாது என்பதற்கு வானம்பாடியே உதாரணம் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

#41 கணக்குப்பிள்ளை

இம்மெல்மன் வீழ்த்திய எண்ணிக்கையையும் யாராவது கவனியுங்கள். ஜூன் 18 அன்று மாலையிலும் இரவு நெருங்கும்போதும் விழுந்த இரண்டு எஃப்.ஈ.களைச் சேர்த்தால் 17, சேர்க்காவிட்டால் 15. பாதிப் பேர் 15 என்றும் பாதிப் பேர் 17 என்றும் எழுதுவதற்குக் காரணம் இதுதான். சாவேஜின் விமானம் இம்மெல்மன் சுட்டதில்தான் இறங்கியது. சாவேஜ் செத்தார், உடன் இருந்தவர் பிடிபட்டார். சுட்டவரும் சில நிமிஷத்தில் செத்தார் என்பதற்காக அது கணக்கில் வராதா? "வீழ்த்தியது" என்பதற்கு வரையறை கேட்டதே இதற்குத்தான்.

#42 வானம்பாடி74

15. உறுதியானது 15தான்.

#43 புகைபோக்கி

17. இம்மெல்மனுக்கு மட்டும் கறார் காட்டி, மெக்கபினுக்குத் தாராளமாகத் தூக்கிக் கொடுக்கிற தராசு எந்தக் கடையில் வாங்கியது?

#44 வானம்பாடி74

அதே தராசுதான். வாலர் சுட்டதை மெக்கபின் பார்த்தார், மற்ற எஃப்.ஈ. ஆட்கள் பார்த்தார்கள். உங்கள் கியர் கெட்டதை யார் பார்த்தது? செத்துப்போன இம்மெல்மனா?

#45 நட்டு போல்ட்டு

சுட்டதைப் பார்த்தார்கள். குண்டு மரத்தில் பட்டதைப் பார்த்திருக்க முடியாது. அத்தனை தூரத்திலிருந்து, மங்கிய வெளிச்சத்தில், சுற்றுகிற புரொப்பெல்லர் ஒரு வட்டப் புகைபோலத்தான் தெரியும்.

#46 வானம்பாடி74

நட்டு, நீ யார் பக்கம் என்று ஒரு முடிவுக்கு வாப்பா.

#47 நட்டு போல்ட்டு

கியர் பக்கம்.

#48 மட்டுறுத்துநர்

தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். #26, #38, #39 எச்சரிக்கப்படுகின்றன. புகைபோக்கி, ஒரே வரியை மட்டும் எழுதும் பதிவுகளைக் குறைக்கவும்.

#49 புகைபோக்கி

எம்டன் என்று திட்டியவருக்கும் எச்சரிக்கை, திட்டு வாங்கிய எனக்கும் எச்சரிக்கை. நல்ல நியாயம்.

சரி, ஒரு வரியில் வேண்டாம் என்றால் விரிவாகவே எழுதுகிறேன். மெக்கபின் பின்னாலும் மேலிருந்தும் பாய்ந்தார் என்று வானம்பாடியே #2இல் எழுதியிருக்கிறார். பின்னாலிருந்து வருகிற குண்டு புரொப்பெல்லரைத் தொட வேண்டுமானால் வால், இருக்கை, துப்பாக்கி, என்ஜின் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். பக்கவாட்டில் வந்தால் அலகின் கூர்முனைதான் தெரியும், அகலம் தெரியாது. ஆக லூயிஸ் குண்டு மரத்தைத் தொட மிச்சம் இருப்பது மேலிருந்து சாய்வாக வரும் ஒரு சின்னச் சந்து. சொந்தத் துப்பாக்கிக்கோ, குழாய்க்கு நேர் எதிரே செகண்டுக்கு 40 தடவை மரம் வந்து நிற்கிறது.

#50 வானம்பாடி74

"மேலிருந்து" என்று எழுதினேன். "பின்னால்" என்று எழுதவில்லை. மேலே போய்ப் பாருங்கள். நான் எழுதாததை என் வாயில் திணிப்பதுதான் உங்கள் ஒத்திசைவு.

மேலிருந்து சாய்வாக. நீங்களே "சந்து" இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். அந்தச் சந்து எனக்குப் போதும்.

#51 புகைபோக்கி

"பின்னால்" என்பது என் கை வழுக்கியது. சந்து, சந்துதான். மே 31ஐ அந்தச் சந்து வழியாக ஓட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.

#52 நட்டு போல்ட்டு

மே 31 ஈ.4 அண்ணே. ஈ.4.

#53 சங்குசக்கரம்

அப்போ கடைசியாக, எந்த இறக்கை பாதி போச்சு? இன்னும் புரியவில்லை.

#54 தேன்மொழி

சுழல் அலகு.

#55 புகைபோக்கி

இறக்கை.